ஒரு வெள்ளை நூல்கூட இல்லை

முன்னொரு காலத்தில் செங்கரை நாட்டைத் திகழ்வேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஒரு நாழிகை சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாதவர். ஒரு நாடகம் பார்த்த பிறகோ அவருக்கு நிற்கவும் முடியாமல் போயிற்று.

அந்த நாடகத்தின் கடைசிக் காட்சியில் ஒரு ராஜா தனியே இருப்பான். யாரோ மூன்று முறை கதவைத் தட்டுவார்கள். ராஜா எழுந்து நிற்பான். விளக்கு அணையும். அவ்வளவுதான்.

"தட்டியவன் பெயரைச் சொல்!" என்றார் திகழ்வேலன், அதை எழுதிய சாத்தப்பனிடம்.

"எனக்கும் தெரியாது மகாராஜா. அவன் எழுந்து நின்றான். அதற்குமேல் என் கை ஓடவில்லை."

அரசவைப் புலவர் மகுடநம்பிக்கு நாடகக்காரர்களைக் கண்டாலே ஆகாது. அவர் பாட்டுக்கு ராஜா கொட்டாவி விடுவார், நாடகத்துக்கோ முன்வரிசையில் வந்து உட்காருவார். அந்தப் புகைச்சலில் அவர் ராஜாவின் காதில் ஓதினார்: "தட்டியது பகைவர் படை மகாராஜா. உங்கள் முடிவைத்தான் எழுதியிருக்கிறான்."

சாத்தப்பன் சிறைக்குப் போனான். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள் யாராவது சரியான பொருள் சொல்லாவிட்டால் அவனுக்குக் கழுமரம். அன்றிலிருந்து ராஜாவுக்கும் சோறு இறங்கவில்லை. காதுக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சாத்தப்பனின் தங்கை வேம்பு நாடகத்தின் ஓலைச்சுவடியோடு சபைக்கு வந்தாள். நாடகசாலையில் இரண்டாம் வருஷ மாணவி. சுவடியிலிருந்து நூல்கள் தொங்கின. ராஜா தூணுக்குத் தூண் நடந்துகொண்டிருந்தார்.

"வாம்மா," என்றார் மகுடநம்பி. "மேடை விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவளா எங்களுக்குப் பொருள் சொல்லப்போகிறாய்?"

"எண்ணெய் ஊற்றுகிறவளுக்குத்தான் புலவரே, விளக்கு எந்த இடத்தில் அணைகிறது என்று தெரியும்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "பேச்சை விடு. பொருளைச் சொல்!"

"முதல் வருஷத்தில் நானும் புலவரைப் போலத்தான் மகாராஜா. கதவு தட்டினால் எமன் என்பேன். 'ஓலையில் எங்கே இருக்கிறது, காட்டு' என்பார் வாத்தியார். காட்ட முடியாது. அதனால் இப்போது நூல் கட்டிப் படிக்கிறேன். ஒரு பாத்திரம் கட்டளையிட்டால் சிவப்பு நூல். எதையாவது கேட்டால் வெள்ளை நூல்."

சுவடியை விரித்தாள். நாடகத்து ராணி பேசும் ஓலைகளில் இரண்டு நிறமும் கலந்து தொங்கின. வண்ணான் பேசும் ஓலைகள் வெள்ளையாகவே இருந்தன. ராஜாவின் ஓலைகள் முழுக்கச் சிவப்பு.

"அந்த ராஜாவுக்கு ஒரு வெள்ளை நூல்கூட இல்லை. கதவைத் திறக்குமுன் 'யார்' என்று கேட்க வேண்டும். வாழ்நாளில் அவன் யாரையும் எதையும் கேட்டதில்லை. அதனால்தான் நிற்கிறான். தட்டியவர் யாராக இருந்தாலும் நாடகம் அதுதான்."

"அபத்தம்! 'யார்' என்று கேட்பது குழந்தைக்கும் வரும். இங்கேயே நிரூபி. இல்லையென்றால் அண்ணனோடு நீயும் கழுவேறு!" என்றார் ராஜா.

வேம்புவின் முகம் வெளுத்தது. சூரியன் உச்சிக்கு வரும்வரை ராஜா நடந்தார், அவள் நின்றாள்.

அப்போது சபையின் பெருங்கதவை யாரோ தட்டினார்கள். மூன்று முறை.

"நிறுத்தச் சொல்!" என்றார் ராஜா.

வேம்பு மடியிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்து அவர் காலடியில் வைத்தாள்.

மறுபடியும் மூன்று தட்டு.

"திறக்காதே!" இன்னொரு சிவப்பு நூல்.

"பிடித்துக் கட்டுங்கள் அவனை!" என்று மகுடநம்பியும் சேர்ந்து கத்தினார்.

"சவுக்கை எடு! வாளைக் கொண்டு வா! எல்லோரும் வாயை மூடுங்கள்!" என்றார் ராஜா.

இன்னும் மூன்று சிவப்பு நூல்கள். ராஜா குனிந்து பார்த்தார். காலைச் சுற்றிச் சிவப்பாகக் கிடந்தது. நடை நின்றது. நாடகத்து ராஜா நின்ற மாதிரியே நின்றார். வெளியே மறுபடி தட்டினார்கள்.

"யார்..." என்றார். சிவப்பு நூல்களைத் தாண்டி ஓரடி வைத்தார். "யார் அது?"

"சிறைக் காவலன், மகாராஜா! உச்சிப்பொழுதில் சாத்தப்பனைக் கொண்டுவரச் சொல்லி நீங்கள்தானே உத்தரவிட்டீர்கள்?"

யார் வந்திருப்பது என்று அறிவிக்காமல் கதவை மட்டும் தட்டும்படி காலையிலேயே வேம்பு அந்தக் காவலனைக் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள்.

மகுடநம்பி துள்ளி எழுந்தார். "மன்னர் கேட்டுவிட்டார்! பெண் தோற்றாள்!"

ராஜா திரும்பினார். "ஐந்தாவது நூலுக்குப் பிறகல்லவா கேட்டேன்? இருக்கட்டும் புலவரே, இந்தச் சுவடியை நீர் எப்போது படித்தீர்?"

"படிக்க... அவகாசமில்லை மகாராஜா."

"படிக்காமலா ஒருவனைக் கழுவுக்கு அனுப்பினீர்? படிக்காதவர் பேச்சை நான் எப்படிக் கேட்டேன்?"

கதவைத் திறக்கச் சொன்னார்.

சாத்தப்பனின் விலங்கு அவிழ்ந்தது. வேம்புவுக்கு ராஜா தன் முத்துமாலையைக் கொடுத்தார். மகுடநம்பி ஒரு வருஷம் நாடகசாலையில் முதல் வருஷப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நூல் கட்டிப் படிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

வேம்பு நூல்களைக் காட்டி அண்ணனுக்கும் அந்தப் பொருளைச் சொன்னாள். "உன் தங்கை சொன்னது சரிதானா?" என்று ராஜா சாத்தப்பனைக் கேட்டார்.

"சரியாகத்தான் இருக்க வேண்டும் மகாராஜா. அவள் சொல்லும்போதுதான் எனக்கும் பயமாக இருந்தது."

வேம்புவிடம் ஒரு வெள்ளை நூல் வாங்கி ராஜா மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு கதவு தட்டும்போதெல்லாம் அவர் கை அந்த நூலைத் தேடும். சில நாள் "யார்?" என்பார். சில நாள் பழைய குரல்தான் முந்திக்கொள்ளும். அன்றைக்கெல்லாம் தூணுக்குத் தூண் நடந்துகொண்டே இருப்பார்.