பிலின்னாவின் தாடி

மரக்கலங்கள் காற்றை நம்பி ஓடிய முன்னொரு காலத்தில், ஒரு யவன நாட்டு அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. "ஆணின் வாயிலிருந்து வரும் சொல் மட்டுமே இனி நம் சபையில் செல்லும்" என்று சட்டம் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து பிலின்னாவுக்குத் தூக்கம் போயிற்று. அவள் அப்பா மகன் இல்லாமல் இறந்திருந்தார். சொத்து வெளியே போகாமலிருக்க, அப்பாவின் தம்பியே அவளை மணப்பது அந்நாட்டு வழக்கம். அவளைத் தோளில் தூக்கித் திரிந்த சித்தப்பா லைகோன்! சபையில் அவளுக்காகப் பேசும் உரிமையும் அவருக்கே. "பெண்ணுக்குச் சம்மதம்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அரசரைச் சிரிக்கவைக்கும் சபை விகடன் மிக்கோன் எழுந்தான். "அரசே, பெண்ணையும் ஒரு வார்த்தை கேட்கலாமே?"

மிக்கோனின் பேச்சுக்கு அரசர் சிரிக்கும்போதெல்லாம் வயிறெரிந்தவர் லைகோன். "தாராளமாக! நாளை அவள் சொல் ஓர் ஆணின் வாயிலிருந்து வரட்டும். ஆனால் அவளுக்குச் சொந்தமில்லாத எவனும் அவளுக்காகப் பேசக்கூடாது. தோற்றால் மிக்கோன் நாட்டைவிட்டே போகவேண்டும்."

அரசர் தலையசைத்தார்.

தறிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்த பிலின்னா, மிக்கோன் வந்து சொன்ன செய்தி கேட்டுப் பதறினாள். "சித்தப்பாவை விட்டா எனக்கு வேற ஆம்பளைச் சொந்தம் ஏதுண்ணா?"

"அழாதே தாயி. உன் தலை அளவை மட்டும் சொல்லு."

மறுநாள் நாடக முகமூடி ஒன்று சபைக்குள் நடந்து வந்தது. அடர்ந்த தாடி, பிளந்த வாய். உள்ளே பிலின்னா.

"அரசே, தூக்கி வளர்த்தவருக்கு நான் மனைவியாக மாட்டேன்."

லைகோன் துள்ளி எழுந்தார். "இது பெண்குரல்! சட்டத்தை மீறிவிட்டாள்!"

"குரலைப் பற்றிச் சட்டத்தில் பேச்சே இல்லையே பிரபு" என்றான் மிக்கோன். "சொல் வந்த வாயைப் பாருங்கள். சுற்றிலும் தாடி!"

"அது வெறும் முகமூடி!"

"நம் நாடகங்களில் பெண்கள் நடிப்பதில்லை. போன திருவிழாவில் ராணி முகமூடிக்குள் ஒப்பாரி வைத்தவன் நம் கொல்லன். 'ஐயோ, பாவம் அந்த ராணி' என்று அரசரே அழுதார். கொல்லன் ராணியாகலாம், பிலின்னா ஆணாகக் கூடாதா?"

வாயைப் பொத்திப் பார்த்த அரசர் முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். "கல்யாணமும் இல்லை, அந்தச் சட்டமும் இல்லை! மிக்கோனுக்கு என் முத்துமாலை. பெண்ணே, முகமூடியைக் கழற்று. என்ன வேண்டுமோ, உன் வாயாலேயே கேள்."

பிலின்னா வியர்வை வழியும் முகத்தோடு நிமிர்ந்தாள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் அரசே. இவ்வளவு பேசிப் பழக்கமில்லை."

மறுபடியும் சிரித்த அரசர், தம் பொற்கிண்ணத்தையே அவளிடம் நீட்டினார்.