அலங்காரத்தம்மா வீட்டுக்குப் போன குப்பைச் சீர்

ஒரு ஊர்ல ஒரு குப்பைமேடு இருந்துச்சாம்.

ஏன்டா சிரிக்கிறீக? ஒரு ஊர்ல ஒரு ராசான்னா மட்டும் வாயப் பொளந்து 'ஊம்' கொட்டுவீக, குப்பைமேடுன்னா இளக்காரமாப் போச்சாக்கும்? ராசாவும் வருவான், பொறுங்க. மொதல்ல குப்பைமேடு.

அது எப்பிடி வந்துச்சுன்னா, அதுக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய வீடு, அந்த வீட்டுல ஊர்ப் பெரியதனக்காரர் பொஞ்சாதி அலங்காரத்தம்மான்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு ஒரு குணம், எதையும் ரெண்டாந்தடவ தொடமாட்டா. இன்னைக்கு உடுத்தின சேலைய நாளைக்கு உடுத்தாம சுவருக்கு மேல வீசிருவா. ஒரு வளையல் விரிஞ்சா ரெண்டு கை வளையலையும் கழட்டி வீசிருவா. கண்ணாடியில மயிரிழை கீறல் விழுந்தா கண்ணாடியவே வீசிருவா. அவ வீசாம வச்சிருந்தது புருசன் ஒருத்தரத்தான், அந்தாளு கனம் கூட, தூக்க முடியல.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடிசை. அதுல வெயிலாள்னு ஒரு புள்ள, தாயும் இல்ல தகப்பனும் இல்ல. அவளுக்கும் ஒரு குணம். என்ன விழுந்தாலும் எடுத்துப் பாப்பா, தொடச்சுப் பாப்பா, அப்புறம் தலைய ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டு, 'நீ என்னவா ஆகப்போற?'ன்னு அதுகிட்டயே கேப்பா. பைத்தியமான்னு கேக்காத, நீ மட்டும் உன் பம்பரத்தோட பேசுறதில்லையா?

அந்த வெயிலாளுக்கு ஆடு மேய்க்கிற மூக்கையாவக் கட்டிக்க ஆசை, மூக்கையாவுக்கும் ஆசை, ஆடுகளுக்குக் கூட ஆசைதான். ஆனா அவன் ஆத்தா ஒச்சாயி இருக்காளே, அவ இடுப்புல கைய வச்சுக்கிட்டுச் சொல்லிப்புட்டா:

"இந்தா பாரு தாயி, சொத்து வேணாம், சோறு வேணாம், மாடு கன்னு வேணாம். ஆனா மொட்டைக் கழுத்தோட ஒரு மருமக எம்வாசல மிதிச்சா சொக்காரங்க, சொந்தபந்தமெல்லாம் சிரிப்பாக. கழுத்துல ஒண்ணு மின்னணும். மின்னாட்டி எம்மவனுக்கு வேற எடம்."

வெயிலாள்கிட்ட ஏது பொன்னு? நேராக் குப்பைமேட்டுக்குப் போனா. ஒடைஞ்ச வளையல் துண்டையெல்லாம் பொறுக்கி, விளக்குச் சுடர்ல காட்டி, இளகும்போது வளைச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி, பச்சையும் செகப்பும் நீலமுமாச் சங்கிலி கோத்தா. அப்புறம் கொட்டாங்கச்சிய வட்டமா வெட்டி, கல்லுல தேச்சு, எண்ணெய் தடவி, பதக்கமாக்கினா. அப்புறம் கிழிஞ்ச பட்டுச் சேலையில இருந்து சரிகைய இழை இழையா உருவி, பதக்கத்துல சுத்தி, நடுவுல கண்ணாடிச் சில்லு ஒண்ணப் பதிச்சா. விரலெல்லாம் கொப்புளம், ஆனா வாயெல்லாம் சிரிப்பு.

நாளைக்குக் கல்யாணம்னா இன்னைக்கு அத மாட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனா பாருங்க, வெயிலு பட்டு கோயில் சுவரெல்லாம் கலர் கலரா ஓடுது! பூசாரி மணியடிக்க மறந்துட்டாரு. ஒச்சாயி பக்கத்துல வந்து, பதக்கத்தத் தொட்டுப் பாத்து, "அடியாத்தீ, இம்புட்டு மின்னும்னு நான் கேக்கலையே"ன்னுட்டா.

அங்கதான் அலங்காரத்தம்மாவும் நின்னா. பாத்தா. வயிறு எரிஞ்சுபோச்சு. அவ கழுத்துல அஞ்சு சங்கிலி கெடக்கு, ஒருத்தரும் திரும்பிப் பாக்கல! கிட்ட வந்து உத்துப் பாத்தா, ஓன்னு கத்தினா:

"ஐயோ, இது என் வளையலு! இது என் சரிகை! இது என் கண்ணாடி! திருடி, திருடி, திருடி!"

"அம்மா, நீங்க வீசினதுதானே தாயி?"

"வீசினா? வீசினா என்னோடது இல்லைன்னு ஆயிருமா? நட ராசாகிட்ட!"

இந்தா வந்துட்டாருடா உங்க ராசா. அவன் அப்போ பணியாரம் தின்னுக்கிட்டு இருந்தான். சுடச்சுடப் பணியாரம், ஆறிப்போனா அவனுக்குக் கோவம் வரும். அதனால அலங்காரத்தம்மா சொன்னத மட்டும் கேட்டான், வெயிலாள் வாயத் தொறக்குறதுக்குள்ள கையக் காட்டி அமத்திப்புட்டான்.

"போதும் போதும். அலங்காரத்தம்மா வீட்டுப் பொருள் எங்க கெடந்தாலும் அவளுக்கே சொந்தம், என்னவா மாறினாலும் அவளுக்கே சொந்தம், யார்கிட்ட இருந்தாலும் அவளுக்கே சொந்தம். திருப்பிக் குடுக்காதவன் திருடன். அடிடா முரச!"

டம்! டம்! டம்!

அந்த நாட்டுல முரசு அடிச்சா அடிச்சதுதான், தீர்ப்ப ராசாவே நெனச்சாலும் மாத்த முடியாது. வெயிலாள் கழுத்துல இருந்து மாலையக் கழட்டி அலங்காரத்தம்மா அங்கயே மாட்டிக்கிட்டு, ஒய்யாரமா நடந்து போயிட்டா. ஒச்சாயி மூக்கச் சிந்திக்கிட்டே, "நான் என்ன செய்ய தாயி, சொன்ன சொல்லு சொன்னதுதான். நாளைக்குப் பொழுது உச்சிக்கு ஏறுறதுக்குள்ள கழுத்துல ஒண்ணு மின்னணும்"னு சொல்லிட்டுப் போயிட்டா.

ஏ குட்டி, கண்ணத் தொடை. அழுதா மிச்சத்தச் சொல்லமாட்டேன்.

வெயிலாள் குப்பைமேட்டுல ஒக்காந்து அழுதா. அழுதுட்டு, சரி, மறுபடி ஒண்ணு செய்வோம்னு ஒரு வளையல் துண்ட எடுத்தா. எடுத்தவளுக்குத் திக்குன்னு ஆச்சு. ஐயோ, இதுவும் அவுகளோடதில்லையா? கீழ போட்டா. ஒரு சீப்ப எடுத்தா. ஐயோ, இதுவும் அவுகளோடது. கீழ போட்டா. ஒரு கொட்டாங்கச்சிய எடுத்தா. அதுவும் அவுகளோடது! சுத்திச் சுத்திப் பாத்தா, மலை மாதிரி குப்பை, அம்புட்டும் அவுகளோடது!

அப்போதான் அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு. சின்னதா வந்துச்சு, அப்புறம் பெரிசா வந்துச்சு, அப்புறம் வயித்தப் புடிச்சுக்கிட்டு உருண்டு உருண்டு சிரிச்சா. ஆறுதல் சொல்ல வந்த மூக்கையா பயந்துட்டான்.

"ஏ புள்ள, புத்தி பிசகிருச்சா?"

"இல்ல மச்சான். நாளைக்கு நம்ம கல்யாணத்துக்கு மேளம் சொல்லியிருக்கில்ல? அவுகள விடியக்காலமே வரச் சொல்லு. ஊருக்கெல்லாம் சொல்லு. அலங்காரத்தம்மா வீட்டுப் பொருள் யார்கிட்ட இருந்தாலும் திருப்பிக் குடுக்கணுமாம், குடுக்காதவன் திருடனாம். சீர் தூக்கிட்டுப் போவோம்!"

மறுநாள் வெள்ளன பாத்தீகன்னா, கல்யாணச் சீரு போற மாதிரியே போகுது! முன்னால மேளம், நாயனம். பின்னால தாம்பாளம் தாம்பாளமா வரிசை. ஒரு தாம்பாளத்துல மொட்டை விளக்கமாறு. ஒரு தாம்பாளத்துல மீன் முள்ளு. ஒரு தாம்பாளத்துல ஊசிப்போன ஊறுகாய், அதுக்கு மேல ஒரு செம்பருத்திப் பூ வேற! ஊர்ல யாருக்குத் திருடன் பட்டம் வேணும்? சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டின பழைய ரவிக்கைய உருவிக்கிட்டு ஒருத்தன் ஓடியாரான். அவ வீசின சேலையிலதான் ஒருத்தி தொட்டில் கட்டியிருந்தா, புள்ளைய இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டுச் சேலையோட வாரா. நாவிதரு அந்த வீட்டு ஆளுகளுக்கு வெட்டின மயிரு ரெண்டு மூட்டையோட வாராரு.

மேளச் சத்தம் கேட்டதும் அலங்காரத்தம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "ஏங்க, என் மாலையப் பாத்துட்டு ஊரே சீரோட வருதுங்க!"ன்னு ரெண்டு கதவையும் தொறந்து, சந்தனக் கிண்ணத்த எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னா. காத்து அடிச்சுச்சு. மூக்கு சுருங்கிச்சு. கிண்ணம் நழுவிச்சு.

"என்னடி இது?"

"உங்க பொருளுதான் தாயி, ராசா உத்தரவு"ன்னா வெயிலாள்.

கூடம் நெறஞ்சுச்சு, அடுப்படி நெறஞ்சுச்சு, பூசை அறை நெறஞ்சுச்சு. பெரியதனக்காரரு கட்டில் மேல ஏறி நின்னுக்கிட்டு, "அலங்காரம், அலங்காரம்"னு கத்துறாரு. கடைசியா வந்தான் மூக்கையா, மொத்த ஆட்டையும் ஓட்டிக்கிட்டு.

"ஆட்ட எதுக்குடா ஓட்டியார?"

"அம்மா, இதுக உங்க வீட்டு எச்சில் எலையத் தின்னுச்சு. ராசா என்ன சொன்னாரு, என்னவா மாறினாலும் உங்களுக்கே சொந்தம்னாரில்ல? சித்த இருங்க, மாறி வெளிய வந்ததும் ஆட்ட ஓட்டிட்டுப் போயிடுறேன்."

பொல பொலன்னு கூடம் பூராம் புழுக்கை! ஏய், ஏய், மெதுவாச் சிரிங்க, கூரை பிச்சுக்கிரும்.

அலங்காரத்தம்மா என்ன செஞ்சா? கூடைய எடுத்தா, அள்ளினா, சுவருக்கு மேல வீசினா. வீசின கையோட அந்தப் பக்கம் இருந்து ஜனங்க, "இந்தாங்கம்மா, உங்க பொருளு"ன்னு திருப்பிப் போட்டாக. மறுபடி வீசினா, மறுபடி வந்துச்சு. மூணாந்தடவ வீசினா, அவ வாயத் தொறந்து வைய ஆரம்பிச்சப்ப வந்து விழுந்துச்சு.

தலையில வாழைத்தோலோட ராசாகிட்ட ஓடினா. ராசா மூக்கப் பொத்திக்கிட்டு, பணியாரத் தட்டத் தூர நகத்தி வச்சான்.

"ராசா, தீர்ப்ப மாத்துங்க!"

"முரசு அடிச்சாச்சே அம்மா. நீ வீசினா அது இன்னமும் உன்னோடதுதான், நீதானே கேட்டு வாங்கின தீர்ப்பு? ஒண்ணு செய். வீசாம, மனசாரக் கையில குடு. வாங்கிக்கிட்டாகன்னா அப்புறம் அது உன் வீட்டுப் பொருளே இல்ல, அவுகளோடதாயிரும். எட்டி நின்னு பேசு!"

திரும்பி ஓடியாந்தா. "யாராவது வாங்கிக்கிடுங்க"ன்னு கெஞ்சினா. ஊசிப்போன ஊறுகாய எவ வாங்குவா? ஊரே கையப் பின்னால கட்டிக்கிச்சு. பொழுதோ ஏறிக்கிட்டே போகுது, ஒச்சாயி வானத்தப் பாக்குறா, மூக்கையா வெயிலாளப் பாக்குறான், வெயிலாள் அலங்காரத்தம்மா கழுத்தப் பாக்குறா.

"நான் வாங்கிக்கிடுறேன் தாயி, எல்லாத்தையும். ஆனா கழுத்துல கெடக்குறதுல இருந்து ஆரம்பிங்க."

அலங்காரத்தம்மா மாலைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டா. "இது மட்டும் மாட்டேன்!"

"சரி தாயி, அப்போ நான் வாரேன்"னு வெயிலாள் திரும்பி நடந்தா.

ஒரு ஆடு மேன்னு கத்திச்சு. மறுபடி பொல பொலன்னு விழுந்துச்சு.

"நில்லுடி!"

மாலைய நீட்டினா. வெயிலாள் கைய நீட்டல, கழுத்தக் காட்டினா. "பெரியவுக, நீங்களே போட்டு விடுங்க. மனசார." அலங்காரத்தம்மா பல்லக் கடிச்சுக்கிட்டு, ஊரு பாக்க, அவ கழுத்துல மாட்டி விட்டா. 'திருடி'ன்னு சொன்ன அதே வாயால, "இந்தா தாயி, வாங்கிக்க, இது உன்னோடது"ன்னா. வெயிலாளுக்கு அப்போதான் கண்ணு கலங்கிருச்சு. மாலை பளீர்னு மின்னிச்சு, ஒச்சாயி கொலவை போட்டா, மூக்கையா ஆட்டக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் குதிச்சான்.

"அப்போ மிச்சம்?"னு கத்தினா அலங்காரத்தம்மா.

"போயித் தாலி கட்டிக்கிட்டு வாரேன் தாயி. அதுக்குள்ள ஒண்ணு ஒண்ணாக் கழுவி, தொடச்சு, தரம் பிரிச்சு வையுங்க. அழுக்காக் குடுத்தா வாங்கமாட்டேன்."

அங்க கெட்டிமேளம் கொட்டுது, இங்க அவ சீப்பு கழுவுறா. அங்க பந்தியில பாயசம் ஓடுது, இங்க அவ மீன் முள்ளு பொறுக்குறா. பெரியதனக்காரரு கட்டில விட்டுக் குதிச்சு, நைசாப் பந்திக்கு ஓடிட்டாரு.

சாயங்காலம் வெயிலாள் கழுத்துல தாலியும் மாலையுமா வந்து, எல்லாத்தையும் கை நீட்டி வாங்கிக்கிட்டா. வாங்கி முடிச்சதும் பாத்தா, அலங்காரத்தம்மா ஒரு சின்ன நீல வளையல் துண்ட மட்டும் விடாமத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நிக்கிறா. கழுவக் கழுவத்தான் அதோட அழகு அவளுக்கே தெரிஞ்சிருக்கு.

"ஏ வெயிலு... இது ஒண்ணு மட்டும் நான் வச்சுக்கிடட்டுமா?"

"அதெப்பிடி தாயி?"ன்னு விரல ஒவ்வொண்ணா விரிச்சு அத எடுத்துக்கிட்டா வெயிலாள். "வேணும்னா எங்குடிசைக்கு வந்து ஒக்காருங்க. செய்யச் சொல்லித் தாரேன். வெரலு கொப்புளிக்கும், பரவாயில்லையா?"

அவ்வளவுதான். வீசும்போது யோசிச்சு வீசணும், வீசிட்டா அடுத்தவ கையில அழகாயிருக்குன்னு புடுங்கப்படாது.

கதை போயிக் காட்டுல ஏறிச்சு, நாம போயிப் பாயில ஏறுவோம். ம்ம், படுங்க.