தேரை விழுங்கிய சொல்

செடியும் பூச்சியும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தேரையின் தோல் ஆற்றுக் கூழாங்கல் போல வழவழவென்று இருந்தது. பட்டப்பகலில் கிணற்றடித் துவைகல்லின் மேல் உட்கார்ந்து, தண்ணீருக்கு வருகிறவர்களிடம் அது ஊர்க்கதை பேசும்.

அந்த ஊருக்கு வளையல் கொண்டுவருகிறவர் சடையாண்டி. சுற்றுவட்டாரப் பெண்களின் கையளவெல்லாம் அவருக்கு மனப்பாடம். கையைத் தண்ணீரில் நனைத்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, எலும்பு நோகாமல் அழுத்தி ஏற்றுவார். அவரிடம் கை கொடுத்து முகம் சுளித்தவர்கள் கிடையாது.

ஒரு மாசி மாதம் அவருடைய வலது கட்டைவிரலில் கடுகளவு மரு ஒன்று வந்தது. வளையல் போடும்போது எல்லார் கண்ணும் விழுகிற இடம். வளையல் பிசிறு தேய்க்கும் அரத்தால் அதைத் தேய்த்தார். ரத்தம் வந்தது. பங்குனி முடிவதற்குள் அதைச் சுற்றி இன்னும் நான்கு முளைத்தன. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கேட்டவர்களிடம் கண்ணாடி கிழித்துவிட்டது என்றார்.

"ஒரு கண்ணாடி எத்தனை மாசத்துக்கு மாமா கிழிக்கும்?" என்றது தேரை.

கிணற்றடியில் வேறு யாரும் இல்லை. சடையாண்டி துணியை அவிழ்த்தார். தேரை சிரிக்கவில்லை.

"அரத்த வச்சீங்களா?"

"ம்."

"நீங்களே வெதச்சிருக்கீங்க. தேச்சாலும் கிள்ளினாலும் பரவும். அடுத்தவங்க கையப் புடிச்சா அங்கயும் போகும்."

துவைகல்லின் ஓரத்தில், ஈரத்தில் படர்ந்திருந்த அம்மான் பச்சரிசிச் செடியை அது காட்டியது. "காம்பைக் கிள்ளினா பால் வரும். மருவோட தலையில மட்டும் வைங்க. நல்ல தோல்ல பட வேண்டாம், கண்ணுப் பக்கம் போகவே கூடாது. ரெண்டு மாசமோ மூணு மாசமோ ஆகும். சிலது ஒண்ணும் வைக்காமலே உதிர்ந்துரும். அதுவரைக்கும் யார் கையையும் புடிக்காதீங்க."

"வைகாசி முகூர்த்தம் வருதே."

"வளையலக் கொடுங்க, அவங்களே போட்டுக்கட்டும்."

"ஏன்னு கேட்டா?"

"மருன்னு சொல்லுங்க. யாருக்கும் வர்றதுதானே."

அவர் துணியை மறுபடி சுற்றிக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லிராத."

"உங்க கை. நான் ஏன் சொல்றேன்."

தினமும் பாலை வைத்தார். முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கைகளையும் பிடித்தார். ஆடியில் அவருடைய விரல் சுத்தமாகிவிட்டது. வெளிறிய தழும்பு ஒன்றுதான் மிச்சம்.

ஆவணியில் அவர் வந்தபோது கிணற்றடியில் பெண்கள் கூடியிருந்தார்கள். ஏழு பேர் கையில் மரு. பொன்னுருவிக்கு ஏழாம் மாதம், வெள்ளிக்கிழமை வளைகாப்பு. அவள் கட்டைவிரலில் மூன்று இருந்தன.

"இந்தக் கையோட மணையில உக்காந்தா சந்தனம் பூச யார் வருவா?" என்றாள் அவள் மாமியார் காத்தாயி. "வளைகாப்பே வேண்டாம், விட்டுருவோம்."

பொன்னுருவி கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். விரலை எப்படி மடக்கி வைத்திருப்பாள் என்பது சடையாண்டிக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"நாலு ஊர் சுத்துறவரு நீங்க," என்று காத்தாயி அவர் பக்கம் திரும்பினாள். "இது எங்கேருந்து வருது, அண்ணே?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். துவைகல்லின் மேலிருந்து தேரையும் பார்த்தது. அவர் சொல்லிவிடுவார் என்று அது காத்திருந்தது. சடையாண்டி கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

"தேரைதான்," என்றார். "அது மூத்திரம் பட்ட எடத்துல வரும்."

முதல் பிடி பருமணலை எறிந்தது காத்தாயி. பிறகு எல்லாரும் எறிந்தார்கள், பொன்னுருவியைத் தவிர. ஈரத்தோலில் மணலும் பொடிக்கல்லும் பதிந்துகொண்டன. தேரை வாயைத் திறந்தது. ஒரு சொல் போதும், எல்லாரும் அவர் கையைப் பார்த்திருப்பார்கள். அது சடையாண்டியைப் பார்த்தது. கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்ததோ என்னவோ, வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு கல்லுக்கடியில் போய்விட்டது.

மறுநாள் காலையில், பெண்கள் வருவதற்கு முன்பே அவர் கல்லருகே வந்து குனிந்தார்.

"வெளிய வா. எல்லார் முன்னாலயும் சொல்லிர்றேன்."

தேரை கல்லுக்கடியில் இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டது.

"நீ வந்தா சொல்றேன்," என்றார் மறுபடியும். நிஜத்தைச் சொல்லக்கூட ஒரு நிபந்தனை போடுகிறோமே என்று அவருக்கே கூசியது.

ஒரு பிடி அம்மான் பச்சரிசியைப் பறித்துக்கொண்டு பொன்னுருவி வீட்டுக்குப் போனார். எங்கே வைக்க வேண்டும், எங்கே படக்கூடாது, எத்தனை நாள் பொறுக்க வேண்டும், யார் கையையும் பிடிக்கக் கூடாது என்பதையெல்லாம் தேரை சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார்.

"இவ்வளவும் யாருண்ணே சொன்னது?" என்று கேட்டாள் பொன்னுருவி.

வாசலில் காத்தாயி நின்றிருந்தாள்.

"கேள்விப்பட்டதுதாம்மா," என்றார்.

வளைகாப்பு நடக்கவில்லை. குழந்தை பிறந்தபோது பொன்னுருவியின் விரல் சுத்தமாக இருந்தது. வளையல்காரர் பிறகு அந்த ஊருக்கு வரவில்லை. வேறு ஊர்களில், பெண்கள் கையை நீட்டும்போது, முதலில் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்கிறார்கள்.

அன்று முதல்தான் தேரை உடம்பெல்லாம் பொடிக்கல்லோடு கல்லுக்கடியில் கிடக்கிறது. கையில் மரு கண்டவர்கள் இன்றும் தேரையைத்தான் குறை சொல்கிறார்கள். கல்லைப் புரட்டினால் அது ஒன்றும் பேசுவதில்லை, விழுங்கிய சொல் இன்னும் இறங்காததுபோலத் தொண்டை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.