பிடி இல்லாத பை

தூத்துக்குடியில், பழைய பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு பைக்கடை இருந்தது. அந்தக் கடையின் மேல்தட்டில் ஒரு கறுப்பு முதுகுப்பை இருந்தது. தான் பையே இல்லை, கோட்டை என்று அதற்கு நினைப்பு.

நினைப்புக்குக் காரணமும் இருந்தது. ஆமை ஓடு மாதிரி கெட்டியான வழவழப்பான முதுகு. வெளியே ஒரு ஜிப் தெரியாது, ஒரு பாக்கெட் கிடையாது, தூக்கிப் பிடிக்க ஒரு பிடிகூடக் கிடையாது. வாய் திறக்க வேண்டுமானால் சுமப்பவர் முதுகோடு ஒட்டியிருக்கும் பக்கத்தில் மூன்று எண்களைச் சுழற்ற வேண்டும்.

ஒரு நாள் காலை அந்தக் கடைக்கு அமலி வந்தாள். விசேஷ வீடுகளுக்குப் போய்ப் படம் எடுப்பவள். தோளில் குறுக்காக ஒரு பழைய பை, அதற்குள் கேமராவும் லேப்டாப்பும். அவள் பிழைப்பு மொத்தமும் அந்த இரண்டில்தான் இருந்தது.

முந்தின வாரம் பஸ் கூட்டத்தில் பழைய பையின் ஜிப் தானாக வாய் பிளந்துகொண்டது. பின்னால் நின்ற யாரோ ஒருவர், "ஏம்மா, பை தெறந்து கெடக்கு பாரு" என்று சொன்னதால் தப்பித்தாள். ஆனால் சொன்னவரை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். எடுத்திருக்கக்கூடிய கையைத்தான் வாரம் முழுக்க நினைத்து நினைத்துப் பயந்தாள். நம் புத்தி அப்படித்தான் வேலை செய்கிறது, என்ன செய்ய!

"அண்ணே, ஒருத்தரும் கை வைக்க முடியாத மாதிரி ஒரு பை காட்டுங்க" என்றாள்.

கடைக்காரர் சாகுல் கோட்டைப் பையை இறக்கினார். கீழ்த்தட்டில் இருந்த பழுப்பு கான்வாஸ் பை பார்த்துக்கொண்டிருந்தது. அமலி அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"பிடிக்கலன்னா மூணு நாளைக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தாரேன். அதுல தொங்குற வெல அட்டைய மட்டும் பிய்ச்சிராதீங்க" என்றார் சாகுல்.

அமலி அங்கேயே கேமராவையும் லேப்டாப்பையும் கோட்டைப் பைக்குள் மாற்றினாள். பழைய பையில் சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் மட்டும் மிஞ்சின.

"அடடா, மெத்தை!" என்றது கேமரா.

"எனக்குத் தனி அறை. இனி யாருடைய முழங்கையும் என்னை இடிக்காது" என்றது லேப்டாப்.

பழைய பை புதிய பையை மேலும் கீழும் பார்த்தது. "எல்லாம் சரிதான். உனக்குப் பிடி எங்கே?"

"பிடி எதற்கு?" என்றது கோட்டைப் பை. "பிடி என்பது திருடனுக்கு நாமே நீட்டுகிற கை. உன்னை இத்தனை வருஷமாக எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்?"

பழைய பை யோசித்தது. "கணக்கில்லை. பஸ்ஸில் நின்றால் உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். பாதி ஊர் மடியில் உட்கார்ந்திருக்கிறேன்."

"சீ!" என்றது கோட்டைப் பை. கேமராவும் லேப்டாப்பும் உள்ளே சிரித்தன. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அத்தனை மடியிலும் அவையும் சேர்ந்துதானே உட்கார்ந்திருந்தன!

திருச்செந்தூரில் ஒரு வளைகாப்பு. பதினொரு மணிக்குள் அமலி அங்கே இருக்க வேண்டும். வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. பின் படிக்கட்டுக்குப் பக்கத்தில், கதவில்லாத வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்க முடிந்தது. முதுகில் கோட்டைப் பை. இடுப்புப் பக்கம் பழைய பை. ஒரு கை மட்டும் மேல்கம்பியில்.

"முதுகுல இம்மாம் பெரிய பையப் போட்டா மத்த ஆளு எங்க நிக்க? கழட்டுங்கம்மா!" என்று கண்டக்டர் கத்தினார்.

பக்கத்து இருக்கையில் ஒரு கருவாட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். காலடியில் காலிக் கூடை. அவள் கையை நீட்டினாள். "ஏ பிள்ள, அதக் கழட்டி இங்க குடு. நான் மடியில வச்சிக்கிடுதேன்."

அந்தக் கையைப் பார்த்ததும் கோட்டைப் பை விறைத்தது. "கவனம்! ஒரு கை வருகிறது!" என்றது.

"என்ன கை?" என்று கேமரா நடுங்கியது.

"எந்தக் கையாக இருந்தால் என்ன? கை என்றால் கைதான்."

அமலிக்கும் அதே யோசனைதான் ஓடியது. "இருக்கட்டும்க்கா. இன்னா எறங்கிருவேன்" என்றாள். இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

கருவாட்டுக்காரம்மா ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு கையை மடக்கிக்கொண்டாள்.

பஸ் வேகம் பிடித்தது. ஒவ்வொரு வளைவிலும் கோட்டைப் பை தன் கனத்தோடு அமலியை வாசல் பக்கம் இழுத்தது. அவள் உள்ளங்கை வியர்த்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நழுவி, மறுபடி பற்றின.

"நாம் ஏன் இப்படி ஆடுகிறோம்?" என்றது லேப்டாப்.

"ஆடினால் ஆடட்டும். எவனும் தொடவில்லை, அல்லவா?" என்றது கோட்டைப் பை.

"அவள் கை வழுக்குகிறது" என்றது பழைய பை. அதன் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முக்காணி பாலத்துக்கு முன்னால் ஒரு ஆட்டுக்குட்டி சாலையில் குதித்தது. டிரைவர் பிரேக்கை மிதித்து, சட்டென்று வலப்பக்கம் ஒடித்தார். பஸ்ஸே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அமலியின் கை கம்பியை விட்டது. கோட்டைப் பை அவளைப் பின்னால் சாய்த்தது. ஒரு கால் படிக்கட்டில், ஒரு கால் அந்தரத்தில். கீழே தார்ச்சாலை ஓடிக்கொண்டிருந்தது.

கருவாட்டுக்காரம்மா எழுந்து பாய்ந்தாள். இரண்டு கைகளும் கோட்டைப் பையின் மேல் விழுந்தன. பிடிக்க ஒன்றுமில்லை. விரல்கள் அந்த வழவழப்பில் சறுக்கின. நகங்கள் கிறீச்சென்று கீறிக்கொண்டே போயின.

"விட மாட்டேன்! உன் கையில் சிக்க மாட்டேன்!" என்றது கோட்டைப் பை.

"முட்டாளே, அவள் நம்மை எடுக்க வரவில்லை!" என்று கேமரா அலறியது. அப்போதுதான் அதற்குப் புரிந்தது. ஆனால் பூட்டிய பைக்குள்ளிருந்து அலறி என்ன பிரயோஜனம்?

அந்த நேரம் பழைய பை காற்றில் வீசி ஆடி வந்தது. அதன் பிடி, எத்தனையோ கைகள் பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன அந்தப் பிடி, கருவாட்டுக்காரம்மாவின் கையில் அகப்பட்டது.

அவள் இறுக்கிப் பிடித்தாள். பழைய பையின் தையல் ஒன்று தெறித்தது. இன்னொன்றும் தெறித்தது. அமலியின் உடம்பைச் சுற்றியிருந்த வார் இழுபட்டுக் கத்தியாக அறுத்தது.

"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பழைய பை தன் நூல்களைக் கெஞ்சியது. கடைசி நூல்கள் கேட்டுக்கொண்டன. கண்டக்டர் ஓடி வந்து அமலியின் தோளைப் பற்றி உள்ளே இழுத்துப் போட்ட பிறகுதான் பிடி முழுசாகப் பிய்ந்து வந்தது. கருவாட்டுக்காரம்மா பிய்ந்த பிடியைக் கையில் வைத்துக்கொண்டே கூடை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அமலி வாய்விட்டு அழுதாள்.

"என்னத்த பை வாங்கிருக்க நீ?" என்று கருவாட்டுக்காரம்மா திட்டினாள். திட்டும்போது அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "புடிக்க ஒரு எடமில்ல. வழுக்கு மரம் மாதிரில்லா இருக்கு! ஒனக்கு ஒண்ணு ஆயிருந்தா ஒன் வீட்டுல என்ன சொல்லுவாவ?"

அமலி அந்த அம்மாவின் இரண்டு நகங்கள் பிளந்து ரத்தம் கசிவதைப் பார்த்தாள். 'இன்னா எறங்கிருவேன்' என்று தான் சொன்ன பொய் அவளுக்கு வெட்கமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து அந்த விரல்களைக் கழுவிவிட்டாள்.

சாயங்காலம் அவள் கோட்டைப் பையைக் கடையில் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னம்மா, யாரும் தெறந்துட்டாங்களா?" என்று சாகுல் பதறினார்.

"இல்லண்ணே. யாராலயும் பிடிக்க முடியல."

"அப்ப நல்லதுதானே?"

அமலி கீழ்த்தட்டில் இருந்த பழுப்பு கான்வாஸ் பையை எடுத்தாள். உள்ளே மெத்தை இருக்கிறதா, லேப்டாப் நுழைகிறதா என்றெல்லாம் பிறகுதான் பார்த்தாள். முதலில் அதன் பிடியை அவர் பக்கம் நீட்டினாள். "இதப் புடிச்சு இழுங்கண்ணே. பலமா இழுங்க."

சாகுல் ஒன்றும் புரியாமல் இழுத்தார். பிடி நின்றது. அவள் அதையே வாங்கிக்கொண்டாள். பழைய பையை மடித்துப் புதுப் பைக்குள் அடியில் விரித்து, அதன் மேல் கேமராவை வைத்தாள். கேமரா இந்த முறை மெத்தையைப் பற்றிப் பேசவில்லை.

கோட்டைப் பை மறுபடி மேல்தட்டுக்குப் போயிற்று. சாகுல் துணியால் துடைத்தும், சாய்வாக வெளிச்சம் விழும்போது அதன் முதுகில் நாலைந்து கோடுகள் தெரியும். புதிதாகக் கடைக்கு வந்த பைகள் அது என்ன என்று கேட்டால், கோட்டைப் பை நிமிர்ந்துகொள்ளும்.

"அதுவா? ஓடுகிற பஸ்ஸில் ஒருத்தி என்னைப் பிடிக்கப் பார்த்தாள். நகம் பிளக்கிற மட்டும் பார்த்தாள். கடைசிவரை அவள் கைக்கு நான் அகப்படவே இல்லை."