அறுபத்து நாலு பட்டமும் நாற்பது களிம்புச் சட்டியும்

வேப்பங்கோட்டை மகாராஜா வீரமாறருக்கு அறுபத்து நாலு பட்டங்கள். சண்டைக்குப் போய் வாங்கியவை அல்ல. சாப்பாட்டுக்குப் பின் புலவர்களிடம் கேட்டு வாங்கியவை. அந்த ஊரில் யார் எதற்குத் தமுக்கு அடித்தாலும் முதலில் அத்தனை பட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மாடு காணாமல் போனால்கூட அப்படித்தான். பட்டம் முடிவதற்குள் மாடு பக்கத்து நாட்டில் கன்றே போட்டிருக்கும்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் மூக்காயி. சந்தை முனையில் பித்தவெடிப்புக்குக் களிம்பு விற்பவள். அருமையான களிம்பு. மூன்றே நாளில் குதிகால் வழவழவென்று ஆகிவிடும். ஆனால் அது யாருக்குத் தெரியும்? தமுக்கடிக்கிறவன் பதினேழாவது பட்டத்துக்கு வருவதற்குள் சனங்கள் கலைந்துவிடுவார்கள்.

அந்த முனையில் தன் சிலையை வைக்க மகாராஜாவுக்குக் கொள்ளை ஆசை.

"இன்று சந்தை கலைவதற்குள் நாற்பது சட்டி விற்றுக் காட்டு. இல்லையென்றால் இடத்தைக் காலி செய். பட்டத்தில் ஒன்று குறைந்தாலும் கடை கிடையாது!" என்று சொல்லிவிட்டார்.

மூக்காயிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அரசவை விகடகவி குப்பாண்டியிடம் ஓடினாள்.

"ஐயா, என் பொழப்புல மண்ணு விழுந்துருச்சு. பட்டம் முடியிற வரைக்கும் ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான்!"

"தாயி, அவனுக்குக் கால் வலி. அவன்கிட்டப் போயி ராஜா பெருமையைச் சொன்னா நிப்பானா? அவன் காலைப் பத்திப் பேசணும்."

"பட்டத்தைக் குறைக்கக் கூடாதே!"

"எதுக்குக் குறைக்கணும்? நடுவுல எதுவும் பேசக் கூடாதுன்னு ராஜா சொன்னாரா?"

"அப்படிச் சொல்லலியே..."

"அப்ப எடு தமுக்கை!"

சந்தை நடுவே ஒரு கல்லின் மேல் தமுக்கோடு ஏறி நின்றான் குப்பாண்டி.

"டம் டம்! ஏழு மலை ஏறியவர் எங்கள் மகாராஜா! உங்களால் மாடிப்படி ஏற முடிகிறதா? குதிகால் சுருக்கென்கிறதா? எதிரியை எட்டி உதைத்தவர்! உதை வாங்கியவன், 'ஆஹா, பாதமா இது, பஞ்சு!' என்றானாம். மெத்தையில் படுத்தபடியே பகைவரை வென்றவர்! உங்கள் வீட்டுப் போர்வை எத்தனை கிழிந்திருக்கிறது? மூக்காயி களிம்பு, மூன்றே நாள்!"

கூட்டம் மொத்தமும் குனிந்து தன் காலைப் பார்த்தது.

"எம் புருசன் குதிகால் பட்டே மூணு போர்வை கிழிஞ்சுது!" என்று ஒருத்தி சட்டியைத் தூக்கினாள்.

"அடுத்த பட்டத்தைச் சொல்லுப்பா!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

அறுபத்து நாலாவது பட்டத்தில் நாற்பதாவது சட்டி போயிற்று.

அப்போது பல்லக்கு வந்து நின்றது.

"குப்பாண்டி! என் பட்டங்களைக் களிம்பில் போட்டுக் குழைத்துவிட்டாயே!"

"மகாராஜா, அறுபத்து நாலையும் ஊர் நின்று கேட்டது இன்றைக்குத்தான்."

மகாராஜாவின் மீசை மெல்ல நிமிர்ந்தது. "அறுபத்து நாலுமா?"

"இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்கள்."

"மகாராஜா, அந்தப் பஞ்சுப் பாதத்தைக் காட்டுங்க!" என்று கூட்டம் கூவியது.

மகாராஜா சட்டென்று கால்களைப் பல்லக்குக்குள் இழுத்துக்கொண்டார். திரையை விலக்கி, மூக்காயியின் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாமல் ஒரு சட்டி கொடு."

மூக்காயி காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"தீந்துபோச்சுங்க மகாராஜா. அடுத்த சந்தைக்கு வாங்க. அந்த முனையில என் கடை இருந்தா தாரேன்."

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "இருக்கும், இருக்கும்! சிலை எங்கேயாவது நிற்கட்டும்!"

குப்பாண்டி மறுபடி தமுக்கைத் தட்டினான்.

"டம் டம்! அறுபத்தைந்தாவது பட்டம்! அடுத்த சந்தையில் முதல் ஆளாக வரிசையில் நிற்கப் போகிறவர்!"