காலி இல்லை

"டீச்சர், என் மிஷினை ஏதோ ஒண்ணு தின்னுக்கிட்டே இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

டீச்சர் ஜெபராணிக்கு முப்பத்தொரு வயது. ஆவுடையப்பனுக்கு ஐம்பத்துநாலு. மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், நோயாளிகளின் விவரமெல்லாம் இருக்கிற கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து டீச்சரிடம் கம்ப்யூட்டர் பாடம் கேட்கிறார். வயதைச் சொல்லி யாராவது சிரித்தால், "தண்ணி ஆழத்துல கிடந்தா குனிஞ்சுதானே எடுக்கணும்" என்பார்.

அன்று கையில் ஒரு தாள் கொண்டுவந்திருந்தார். மெமரி எவ்வளவு செலவாகிறது என்று மிஷின் காட்டுவதை அச்செடுத்த தாள்.

அதிலிருந்த கட்டங்களுக்குத் தமிழில் பெயர் வைத்து, சீட்டு கொடுக்கிற பெண்களுக்குப் புரியட்டும் என்று திரையோரம் எழுதி ஒட்டியவரும் அவர்தான். செலவு. காலி. கிடைக்கும்.

மூன்றில் அவர் கண் போவது ஒன்றின்மேல்தான். காலி குறைந்தால் அவருக்கு வேறு வேலை ஓடாது.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். காலையில் நிறைய இருக்கிற காலி, மத்தியானத்துக்குள் வற்றிப்போகிறது. ஏன் என்று தோண்டிப் பார்த்தார். ஒரு நோயாளியின் பக்கத்தை டிஸ்கிலிருந்து ஒருமுறை வாசித்துவிட்டால், வேலை முடிந்த பிறகும் மிஷின் அதைக் கைவிடுவதில்லை. மெமரியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவருக்குப் பொறுக்கவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அத்தனையையும் துடைத்துவிடும்படி ஒரு கட்டளை எழுதி வைத்தார்.

துடைத்ததும் காலி ஏறியது. மனசும் குளிர்ந்தது.

ஆனால் அந்த வாரத்திலிருந்து மிஷின் நொண்டியது. ஒரு பெயரைத் திறக்க அரை நிமிஷம். சீட்டு வாங்கும் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. துடைத்தது போதவில்லை போலும் என்று, ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் என மாற்றினார். வரிசை இன்னும் நீண்டது. கைக்குழந்தையோடு வெயிலில் நின்ற ஒருத்தி மயங்கி விழுந்தாள்.

பெரிய டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. திங்கட்கிழமையும் இப்படியே இருந்தால் மிஷினை அணைத்துவிட்டுப் பழையபடி நோட்டுப் புத்தகம். ஆவுடையப்பனுக்கு மருந்துக் கிடங்கு.

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் துடைச்சா சரியாயிருமா டீச்சர்?"

ஜெபராணி தாளைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டினார்.

"அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன் அண்ணாச்சி. நீங்களும் வாங்க."

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. பிழைப்பே போகப் பார்க்கிறது. இவர் விருந்துக்குப் புறப்படுகிறார். ஆனாலும் பின்னால் நடந்தார். சொன்னால் கேட்கிறது என்று முதல் நாளே தீர்மானித்து வந்தவர்.

டவுன் பஸ் வந்து நின்றது.

"இடம் இருக்கான்னு பாருங்க அண்ணாச்சி."

அவர் ஜன்னல் வழியாக முன்னிருந்து பின்வரை எட்டிப் பார்த்தார்.

"ஒரு சீட்டுகூடக் காலி இல்ல டீச்சர். அடுத்த பஸ்ஸுக்குப் போவோம்."

ஜெபராணி ஏறிவிட்டார்.

மகளிர் என்று மேலே எழுதியிருந்த சீட்டில் காலேஜ் பையன்கள் இரண்டு பேர் ஏதோ கிரிக்கெட் சண்டையில் இருந்தார்கள். டீச்சர் பக்கத்தில் வந்ததுதான் தாமதம், இரண்டு பேரும் எழுந்தார்கள். சண்டை நிற்கவில்லை. நின்றபடி தொடர்ந்தது.

டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஆவுடையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"இடம் இல்லேன்னீங்களே, அண்ணாச்சி."

"இடம் இல்லேன்னு எங்க சொன்னேன். காலி இல்லேன்னுதான்..."



ஒரு கையால் தாளை விரித்தார். மூன்றாவது கட்டம். கிடைக்கும். மொத்தம் எட்டு ஜி.பி.யில் ஐந்தரைக்கு மேல். தானே பெயர் வைத்து, தானே ஒட்டி, ஒருநாளும் வாசிக்காத கட்டம்.

பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்து நிமிர்ந்தது.

டீச்சர் வெளியே பார்த்தபடி, அந்தப் பையன்கள் எங்கே ஏறினார்களாம் என்று கேட்கச் சொன்னார். கேட்டார். பஸ் ஸ்டாண்டிலேயே ஏறிவிட்டார்களாம். இவ்வளவு தூரமும் உட்கார்ந்துதான் வந்தார்களாம்.

"பொம்பளைங்க சீட்டுன்னு யாரும் எழுப்பலையா?"

"யாருக்கும் வேண்டியிருக்கலையே தாத்தா. வேணும்னா எந்திரிச்சிருவோம்."

கண்டக்டர் வந்து இரண்டு டிக்கெட் கிழித்தார்.

"நீங்க இந்த பஸ்ஸுக்குக் கண்டக்டரா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க அண்ணாச்சி?" என்றார் டீச்சர்.

 ஆவுடையப்பன் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொன்னார்.

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் விசில் ஊதி, எல்லாரையும் இறக்கி விட்டிருப்பேன்."

கண்டக்டர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு அண்ணாச்சி? சீட்டைக் காத்து வாங்க வைக்கவா?"

"காலியா இருக்கட்டும்னு."

"நல்லாருக்கு. இறக்கி விட்டவன் அடுத்த நிமிஷமே போகணும்பான். மறுபடி பஸ் ஸ்டாண்டுலருந்துல்லா வரணும்."



ஆவுடையப்பன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே, எதிர்த் திசையில், மலையடிவாரத்துக்குப் போகிற பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது.

"தம்பி, நிறுத்தச் சொல்லுங்க."

"இன்னும் மூணு ஸ்டாப் இருக்கே அண்ணாச்சி. இப்பத்தானே ஏறுனீங்க?"

"இருக்கட்டும்" என்றார், படிக்கட்டை நோக்கி நகர்ந்தபடி. "அங்க ஒரு ஊரையே இறக்கி விட்டுட்டு வந்திருக்கேன்."