பூங்காவனம் டீச்சரின் பதினொரு மாணவர்கள்

ஒரு நாவல் மரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு பூங்காவனம் என்கிற மந்தி பள்ளிக்கூடம் நடத்தியது. மாணவர்கள் மரத்தடியில் நின்றார்கள். மொத்தம் பதினொரு மான்குட்டிகள்.

உச்சியிலிருந்து பார்த்தால் காடு முழுக்கத் தெரியும். அதனால் பாடம் நடத்துவதும் சுலபமாக இருந்தது. கேள்வி கீழேயிருந்து வரும். பதில் மேலேயிருந்து விழும்.

“டீச்சர், எந்தப் புல்லைத் தின்னணும்?”

“பாறைக்கு இந்தப் பக்கம் இருக்கே, அதை!”

“டீச்சர், தண்ணி குடிக்கப் போகலாமா?”

“இப்ப வேணாம்! வெயில் தாழட்டும்!”

“டீச்சர், புலி உறுமுது! எந்தப் பக்கம் ஓடணும்?”

“கிழக்கே! கிழக்கே ஓடுங்க!”

பூங்காவனம் சொன்ன பதில் ஒன்றுகூடத் தப்பானதில்லை. வினையே அங்கேதான் தொடங்கியது. குட்டிகள் கண்ணால் பார்ப்பதை விட்டன, காதால் கேட்பதை விட்டன, அண்ணாந்து பார்க்க மட்டும் பழகின.

அஞ்சலை என்ற குட்டி ஒருநாள் மூக்கைத் தூக்கி, “டீச்சர், காத்துல ஏதோ வாடை...” என்று ஆரம்பித்தது.

“மூக்கை இறக்கு! பின்னே நான் எதுக்கு இருக்கேன்?” என்று பூங்காவனம் அதட்டியது. அஞ்சலை மூக்கை இறக்கிக்கொண்டது.

கலியன் என்ற குட்டிதான் வகுப்பில் முதல். டீச்சர் சொன்ன பதில்களை எல்லாம் நாள் வாரியாக ஒப்பிக்கும். “எங்க கலியன் டீச்சரைக் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான்!” என்று அதன் அம்மா ஆற்றங்கரை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தது. இதெல்லாம் ஒரு பெருமையா? ஆனால் மற்ற தாய்மான்கள் பொறாமையில் வெந்தன.

இதையெல்லாம் புதரிலிருந்து மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு சிறுத்தை. நான்காம் நாள் காலை நரியைக் கூப்பிட்டது.

“நான் மரத்து மேல ஏறப்போறேன்.”

“மான் கீழல்ல அண்ணே நிக்குது? மேல ஏறுவானேன்?”

“மேல இருக்கிற அந்த ஒரு வாயை அடைச்சிட்டா, கீழ பதினொண்ணும் அசையாது. நீ கிழக்குப் பாதையில படுத்துக்கோ. வழக்கம் மறக்காம எவனாவது அங்கே ஓடி வருவான்!”

“எனக்கு எத்தனை?”

“வர்றது உனக்கு. நிக்கிறது எனக்கு.”

மரத்தின் பின்பக்கமாகச் சிறுத்தை ஏறியது. பாதி தூரம் வந்தபோதுதான் பூங்காவனம் அதைப் பார்த்தது. ஒரே தாவு! ஒல்லிக் கிளையின் நுனிக்குப் போய் ஒட்டிக்கொண்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கீழே குட்டிகளும் பார்த்துவிட்டன.

“டீச்சர்! சிறுத்தை! எந்தப் பக்கம் ஓடணும்?”

பதில் விழவில்லை.

“டீச்சர்! சீக்கிரம் சொல்லுங்க!”

சிறுத்தை கிளையில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தது. கிளை தாங்காது போலிருந்தது. பரவாயில்லை, வாய் அடைத்துவிட்டதே! அது திரும்பி, கீழே நிற்கும் குட்டிகளில் கொழுத்தது எது என்று பார்க்க ஆரம்பித்தது.

பூங்காவனத்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பதினொரு முகமும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கால்கூட அசையவில்லை. இப்படி நிற்க வைத்தது வேறு யாரும் இல்லை, தான்தான்.

“எனக்குத் தெரியலடா கண்ணுங்களா!” என்று அது கதறியது. “நீங்களே பாருங்க! நீங்களே முடிவு பண்ணுங்க!”

இப்படி ஒரு பதிலைக் குட்டிகள் கேட்டதே இல்லை. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

“போன தடவை கிழக்கேன்னு சொன்னாங்க!” என்று கத்திவிட்டுக் கலியன் கிழக்கே பாய்ந்தது. இருபது அடிகூடப் போகவில்லை. நரி எகிறிக் காதைக் கவ்வியது. பாதிக் காதை விட்டுவிட்டுக் கலியன் அலறிக்கொண்டு திரும்பி வந்தது.

அஞ்சலை மூக்கைத் தூக்கியது. இந்த முறை யாரும் அதட்டவில்லை.

“கிழக்கே நரி. வடக்கே ஆறு. தெற்கே இருந்து நம்ம ஆளுங்க வாடை வருது. பெரிய மானெல்லாம் அங்கேதான் மேயுது.”

“அப்ப தெற்கே ஓடுவோமா?” என்றது ஒரு குட்டி.

“ஓடினா பின்தங்குறவனை அது பிடிச்சிடும். இங்கேயே நெருங்கி நின்னு கத்துவோம். அவங்க வரட்டும்!”

“வரலைன்னா?”

அஞ்சலைக்கும் அது தெரியாது. “வருவாங்கன்னு நினைக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, முன்னங்காலைத் தரையில் ஓங்கி உதைத்துக் கத்தியது. மற்றவையும் கத்தின. கலியன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியது.

சிறுத்தை பாதி மரம் இறங்குவதற்குள் தெற்கேயிருந்து கொம்புகள் வந்துவிட்டன. முப்பது, நாற்பது கொம்புகள்! பதுங்கிப் பிழைக்கிறவனுக்கு இத்தனை பேர் பார்த்துவிட்டால் அன்றைக்குப் பிழைப்பு இல்லை. அது பக்கத்து மரத்துக்குத் தாவி, அப்படியே ஓடிப்போனது. நரி அதற்கு முன்பே போய்விட்டது.

மறுநாள் பள்ளிக்கூடம் நடந்தது. பூங்காவனம் உச்சியில் உட்காரவில்லை. கீழ்க்கிளைக்கு இறங்கி வந்திருந்தது.

பாதிக் காது போன கலியன் ஒரு காயைக் காட்டி, “டீச்சர், இதைத் தின்னலாமா?” என்றது.

பூங்காவனத்துக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டது.

“நீ என்னடா நினைக்கிறே?”

கலியன் வெகுநேரம் மோந்து பார்த்தது. “தின்னலாம்” என்று கடித்தது. ஒரே கசப்பு! தூ தூ என்று துப்பிவிட்டு, அடுத்த செடியைத் தானாகவே மோந்து பார்க்கப் போனது.

மாணவர்களுக்காக எல்லா முடிவையும் தானே எடுக்கிற ஆசிரியர், அவர்கள் தனியாக நிற்க வேண்டிய நாளில் அவர்களைக் கைவிட்டவர் ஆகிறார்.